கண்டெய்னர் வீட்டுக்கும் கம்பமே முதல் துணை

செங்கல் அடுக்கிக் கட்டாமல், கிரேன் வைத்து இறக்கிய இரும்புப் பெட்டியைச் சொந்த நிலத்தில் தங்குமிடமாக்கிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவிவருகிறது. பிரிட்டனில் ஒரே இடத்தில் நிலையாக நிறுத்திய கேரவன்களில் குடும்பங்கள் விடுமுறையைக் கழிப்பது பழைய பழக்கம். நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே அந்தக் கேரவன் தீர்க்கும் தேவையை இங்கே கண்டெய்னர் வீடும் போர்ட்டா கேபினும் தீர்க்கின்றன. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவரானாலும், சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் வழியில் மனை வாங்கிப் போட்டிருப்பவரானாலும், இப்படி ஒரு பெட்டியை இறக்க நினைத்தவுடன் எழும் முதல் கேள்வி, கரண்டுக்கு என்ன வழி என்பது. அதற்கு இன்று கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றேதான்: ‘ஈபி பக்கமே போகாதீர்கள். கூரையில் நாலு பேனல், உள்ளே நாலு பேட்டரி. பில்லும் இல்லை, பவர் கட்டும் இல்லை.’ விற்பவர்கள் இதைச் சொல்கிறார்கள், காணொளிகள் சொல்கின்றன, சுற்றுச்சூழலில் அக்கறை உள்ள நண்பர்களும் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் மழைக்கும் வெயிலுக்கும் புயலுக்கும், நம் சட்டத்துக்கும் கட்டண முறைக்கும் இந்தப் பதில் பொருந்தாது என்பதே என் வாதம். முறையாக வாங்கிய வீட்டு மின் இணைப்பு முதலில் வர வேண்டும். அதன் மேல் சூரியத் தகடு, அதற்கும் பின்னால் அளவான ஒரு பேட்டரி. இந்த வரிசையைத் தலைகீழாக்குபவர் பணத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

மின்கம்பத்தை, அதாவது ஈபி இணைப்பை, ஒதுக்கச் சொல்பவர்கள் முதலில் எடுத்துவைப்பது சட்டம் பற்றிய ஓர் அச்சம். அஸ்திவாரம் இல்லாத, நாளைக்கே தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டிக்கு மின்வாரியம் எப்படி இணைப்பு தரும் என்று கேட்கிறார்கள். சட்டத்தைப் பார்த்தால் இந்த அச்சத்துக்கு இடமில்லை. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 43ஆம் பிரிவில், ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின்சாரம் வழங்குவதை விநியோக நிறுவனத்தின் கடமையாக வைத்திருக்கிறது. அந்த ‘இடம்’ எது என்பதை 2ஆம் பிரிவின் 51ஆம் உட்பிரிவு விளக்குகிறது: நிலம், கட்டடம், கட்டமைப்பு எதுவானாலும் அதில் அடங்கும். செங்கல், சிமென்ட், அஸ்திவாரம் என்று எந்த நிபந்தனையும் அங்கே இல்லை. தமிழ்நாட்டின் அனுபவமும் இதையே காட்டுகிறது. தென்னங்கீற்று வேய்ந்த குடிசைகளுக்கு ஒரு விளக்கு இணைப்பைப் பல பத்தாண்டுகளாக இலவசமாகக் கொடுத்துவந்த மாநிலம் இது. ஒரு காற்றுக்குத் தாங்காத கூரைக்கு வந்த கம்பி, இரும்புப் பெட்டிக்கு வர மறுக்க நியாயம் இல்லை. நிலம் வேறொருவர் பெயரில் இருந்தாலும் தமிழ்நாடு மின்சார விநியோக விதித்தொகுப்பு வழி வைத்திருக்கிறது. உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைப் படிவம் 5இல் கொடுக்கலாம். அது கிடைக்காவிட்டால், முறையான குடியிருப்புக்கான சான்றோடு படிவம் 6இல் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். சொந்தப் பட்டா நிலத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல்கூடக் கிடையாது. ஊராட்சியின் அனுமதியும் வரி ரசீதும் கையில் இருந்தால் அவர் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

சட்டம் ஏட்டில் இருக்கட்டும், அலுவலகத்தில் நடப்பது வேறு என்பார்கள். விண்ணப்பம் நகராது, அலைய வைப்பார்கள், கை நீட்டுவார்கள் என்ற இந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சேவை தாமதமாவதால் அதைக் கேட்கும் உரிமையையே கைவிடுவது தீர்வாகாது. 43ஆம் பிரிவு ஒரு மாதக் கெடு வைத்து, அதைத் தவறவிட்டால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கவும் இடமளிக்கிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளும், 2024இல் வந்த அவற்றின் திருத்தமும், கிராமப்புறத்தில் புதிய இணைப்புக்கான காலத்தை 15 நாளாகக் குறைத்திருக்கின்றன. புதிதாகக் கம்பம் நட்டு லைன் இழுக்க வேண்டிய இடங்களுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. விண்ணப்பத்தை இணையத்தில் பதிந்து எண் வாங்கிவிட்டால், எந்த நாளில் எந்த மேசையில் நின்றது என்பதற்குச் சான்று கிடைக்கிறது. மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்து விவசாயியும் மீனவரும் இதே அலுவலகங்களின் படியேறித்தான் இணைப்பு வாங்கியிருக்கிறார்கள். வசதியுள்ளவர் அந்த வரிசையை விட்டு விலகிப் போனால், கேட்பவரின் குரல் அந்த அளவுக்கு மெலியும்.

கம்பத்தை வேண்டாம் என்பவர்களில் ஒரு சாரார் சூரியனிடம் போவதில்லை. பக்கத்து மோட்டார் கொட்டகைக்குப் போகிறார்கள். தோப்பில் ஏற்கெனவே விவசாய இணைப்பு இருக்கிறது, அதிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் போதும், அதுவும் இலவசம் என்கிறார்கள். இந்த யோசனையை வன்மையாகக் கண்டிக்க வேண்டும். விவசாயத்துக்கான இலவச மின்சாரம் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்த சலுகையில்லை. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசுதான் எல்லா விவசாயிகளின் பம்ப்செட்டுக்கும் மின்சாரத்தை முழு இலவசமாக்கியது. அந்தக் கம்பியிலிருந்து விடுமுறை வீட்டுக்கு ஏசி ஓட்டுவது அந்தப் போராட்டத்தின் பலனைக் களவாடுவதாகும். சட்டமும் இதைப் பொறுப்பதில்லை. ஒரு பயனுக்கு வாங்கிய மின்சாரத்தை இன்னொன்றுக்குத் திருப்புவது மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மோட்டார் இணைப்பே ஆபத்துக்கு உள்ளாகும். ஒரு விளக்குக்கு ஆசைப்பட்டு நிலத்தின் பாசனத்தைப் பணயம் வைப்பவர் கணக்குத் தெரிந்தவர் ஆக மாட்டார்.

இனி முழுச் சூரிய மின்சாரம் என்ற வாதத்துக்கு வருவோம். இதை உணர்ச்சியால் தீர்மானிக்க வேண்டாம், யூனிட்டுகளால் எடைபோடுவோம். சிறிய கண்டெய்னர் வீடு ஒன்றில் மூன்று எல்இடி விளக்குகள், 30 வாட் இழுக்கும் இரண்டு பிஎல்டிசி மின்விசிறிகள், சிறிய குளிர்ப்பெட்டி, டிவி, செல்பேசி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்பி மோட்டார் இருப்பதாகக் கொள்வோம். சிக்கனமாகப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். இந்த இடத்தில் கணக்கை நிறுத்திக்கொண்டுதான் ‘ஒரு கிலோவாட்டே போதும்’ என்று விற்கிறார்கள். ஆனால் இரும்புப் பெட்டி செங்கல் வீடு போன்றதன்று. அக்னி நட்சத்திர வெயிலில் அதன் தகரம் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். உள்ளே எவ்வளவு வெப்பத்தடுப்பு ஒட்டினாலும் இரவில் ஏசி கேட்கும். ஒரு டன் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் ஆறிலிருந்து ஏழு யூனிட். அதுவும் சூரியன் மறைந்த பிறகு, முழுக்க முழுக்கப் பேட்டரியிலிருந்து வர வேண்டிய மின்சாரம். பேட்டரியின் மேல் 150 ஏஎச் என்று எழுதியிருப்பதை வாங்குபவர் பெரிய எண்ணாகப் பார்க்கிறார். 12 வோல்ட்டோடு பெருக்கினால் அது 1.8 யூனிட்தான். டியூபுலர் பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அப்படியானால் ஓர் ஏசி இரவுக்கு, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, எட்டுப் பேட்டரிகள் வேண்டும்.

மழைக்காலத்தில் ஏசி தேவையில்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் அப்போது வெயிலும் இருக்காது. கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை நின்றுவிட்டால் மூன்று நாள், நான்கு நாள் வானம் மூடியே கிடக்கும். அந்த நாட்களில் தகடு தருவது வழக்கத்தில் ஒரு சிறு பங்குதான். 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் கடலூரை மூழ்கடித்த மழையையும், 2020 டிசம்பரில் புரெவி புயலின்போது சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்ற நாட்களையும் இந்த வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டரை யூனிட் தேவையை மூன்று இருண்ட நாட்களுக்குத் தாங்க வேண்டுமானால் ஏழரை யூனிட் கையிருப்பு வேண்டும். அதுவும் எட்டுக்குக் குறையாத பேட்டரிக் கணக்குத்தான். கோடையில் இரவு ஏசிக்காகவும் மழையில் மூடிய வானத்துக்காகவும் அதே பெரிய சேமிப்பு தேவைப்படுகிறது. இடைப்பட்ட நல்ல மாதங்களில் அது சும்மா கிடந்து முதுமையடைகிறது. ‘நாலு பேனல், நாலு பேட்டரி’ என்ற வாய்ப்பாடு ராஜஸ்தானத்து வறண்ட வானத்துக்கு ஒருவேளை பொருந்தலாம். கார்த்திகை மாதத்துக் கடலோரக் கிள்ளைக்குப் பொருந்தாது.

பணக் கணக்கு இன்னும் தெளிவானது. எட்டு டியூபுலர் பேட்டரிகள் இன்றைய விலையில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும்; ஐந்தாறு ஆண்டில் மறுபடியும் அதே செலவு. எதிர்ப்பக்கத்தில் ஈபி இணைப்பை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016 முதல் இது நடப்பில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கட்டண மாற்றத்தில் வீடுகளுக்கான நிலைக் கட்டணமும் நீங்கியது. வார இறுதிகளில் மட்டும் வந்து தங்கும் குடும்பம் மாதத்தில் எட்டு நாள் இருப்பதாகக் கொண்டால், ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் ஆகும். கட்டணம் எதுவும் வராது. அந்த எட்டு நாளும் ஏசி ஓட்டினாலும் 150 யூனிட்டைச் சுற்றித்தான் ஆகும். இலவசம் போக மிச்சத்துக்குக் கட்டும் பணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். இந்தத் தொகையிலிருந்து தப்பிக்கத்தான் லட்சக்கணக்கில் பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள். சூரியத் தகட்டுக்கான அரசு மானியமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் முதல் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் தருகிறது. ஆனால் அது மின் இணைப்புள்ள வீட்டின் கூரையில், மின்வலையோடு இணைத்து அமைக்கும் தகட்டுக்கு மட்டுமே உரியது. கம்பத்தை வேண்டாம் என்றவர் இலவச யூனிட்டையும் மானியத்தையும் ஒன்றாகக் கைவிட்டவர் ஆகிறார். ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். பெட்டியைத் தங்கும் விடுதியாக வாடகைக்கு நடத்தினால் அது வீட்டு விகிதத்துக்குள் வராது; அதற்குரிய விகிதத்தில் இணைப்பு வாங்குவதே நேர்மை.

லித்தியம் பேட்டரி வந்துவிட்டதே, அது எல்லாக் கணக்கையும் மாற்றிவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. லித்தியம் பெரிய முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் கொள்ளளவில் பெரும்பங்கை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆயுளும் கூடுதல், தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் வேலையும் இல்லை. ஆனால் வெப்பம் அதற்கும் பகை. சித்திரை, வைகாசியில் பூட்டிக் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் நாள் முழுக்க வேகும் பேட்டரி, விளம்பரத்தில் எழுதிய ஆண்டுகளை எட்டாது. அதைவிட முக்கியமாக, எந்த வகைப் பேட்டரியானாலும் அது நிறைந்த பின் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. லித்தியத்தால் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. விலை இறங்க இறங்க, கம்பத்தோடு சேர்ந்த சிறு சேமிப்பு இன்னும் மலிவாகவும் நம்பகமாகவும் ஆகும். லித்தியம் என் வரிசைக்கு வலுச் சேர்க்கிறதே தவிர அதைக் கலைக்கவில்லை.

பேட்டரி நிறைந்த பின் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை என்ற இந்தக் குறையிலிருந்தே சுற்றுச்சூழல் வாதத்துக்கும் விடை வருகிறது. கம்பத்தில் வருவது நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரம், அதைத் தொடாமல் வாழ்வதே தூய வாழ்வு என்கிறார்கள். இந்த மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு ஆழமான வலி உண்டு. 1956இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களுக்காக ஊர் ஊராக நிலம் போனது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல்வயலுக்குள் மண்வாரி இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த நிலக்கரி குறைய வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அதனால்தான் தகட்டைக் கம்பியோடு இணைக்கச் சொல்கிறேன். வார இறுதி வீட்டின் கூரையில் ஒரு கிலோவாட் தகடு மாதம் 120 யூனிட் வரை தரும். வீட்டில் ஆள் இருப்பது எட்டு நாள். தனித்து நிற்கும் அமைப்பில், மீதி இருபத்திரண்டு நாளும் காலையிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதன் பிறகு விழும் வெயில் எல்லாம் வீண். நெட் மீட்டர் வைத்து இணைத்திருந்தால் அந்த யூனிட்டுகள் அதே டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த பக்கத்து வீட்டு மின்விசிறியையும், கடை குளிர்ப்பெட்டியையும், வயல் மோட்டாரையும் ஓட்டும். அந்த அளவுக்கு எங்கோ ஓர் அனல் நிலையம் குறைவாக எரியும். மாலை உச்ச நேரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரிது என்பதை மறைக்கவில்லை. ஆனால் தன் வெயிலைத் தன் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைப்பவர் பகல் நேர நிலக்கரியைக்கூடக் குறைக்கவில்லை. கூடவே ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஈயமும் அமிலமுமாக ஒரு குவியலை வெளியேற்றுகிறார்.

மறுப்புகளில் வலிமையானது புயல். கடலூர்க்காரரிடம் கம்பத்தை நம்பு என்று சொன்னால் அவர் தானேயை நினைவுபடுத்துவார். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல், மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றால் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்களை முறித்துப் போட்டது. பல கிராமங்களில் விளக்கு எரிய வாரங்கள் ஆயின. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறி, சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தபோதும் இருள் சூழ்ந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கம்பமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கம்பத்தைச் சாய்த்த காற்று கூரைத் தகட்டை விட்டுவைக்கும் என்று எப்படி நம்புவது? பெட்டியின் மேல் சாய்வாக நிற்கும் தகடு காற்றுக்குப் பாய்மரம் போல. அதன் தாங்கிகளையும் பெட்டியின் நான்கு மூலைகளையும் கான்கிரீட்டில் பூட்டாவிட்டால் இரண்டுமே போகும். கம்பம் விழுந்தால் அதை நிமிர்த்துவது அரசின் பொறுப்பு. தானேக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஊழியர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். எந்த நுகர்வோரும் தன் தெருக் கம்பத்துக்குப் பணம் கட்டவில்லை. பறந்துபோன தகட்டுக்கு அதன் உரிமையாளர் ஒருவரே பொறுப்பு. கம்பி அமைப்பும் அன்று இருந்தபடியே இல்லை. உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தில் கடலூர் நகரத்தின் மேல்நிலைக் கம்பிகள் மண்ணுக்குள் இறங்கின. ஊர் கேட்டு வாங்கினால் கம்பியை வலுப்படுத்த முடியும் என்பதற்கு அது சான்று.

அதற்காகப் புயல் நாளில் இருட்டில் உட்காரச் சொல்லவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மானியத்தில் கிடைக்கும் சாதாரண ஆன்கிரிட் அமைப்பு, கம்பியில் கரண்ட் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனின் உயிரைக் காப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எனவே வாங்கும்போதே, கம்பியில் கரண்ட் நின்றாலும் பேட்டரியிலிருந்து வீட்டை ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேட்க வேண்டும்; அதோடு ஒரே ஒரு பேட்டரி போதும். புயல் நாளில் தேவைப்படுவது ஏசியும் மோட்டாரும் அல்ல. ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, செல்பேசி சார்ஜ். இவை எல்லாம் சேர்ந்து 50 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரு 150 ஏஎச் பேட்டரி இதை இரண்டு இரவு தாங்கும். மூடிய வானத்திலும் ஒரு கிலோவாட் தகடு தரும் சிறு மின்சாரம் அதை மறுநாள் ஓரளவு நிரப்பிவிடும். புயல் கடந்து வெயில் வந்துவிட்டால், கம்பம் எழும்வரை வாரக்கணக்கிலும் இது ஓடும். முழுத் தேவையையும் பேட்டரியில் ஏற்றினால் எட்டு வேண்டியிருக்கிறது. அவசரத் தேவையை மட்டும் ஏற்றினால் ஒன்று போதுகிறது. புயலைக் காரணம் காட்டிக் கம்பத்தை விலக்கச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது உயிர்ப் பாதுகாப்பு. ஈபி இல்லையென்றால் ஷாக் பயமும் இல்லை என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. இன்வெர்ட்டரிலிருந்து வருவதும் அதே 230 வோல்ட்தான். செங்கல் சுவரில் ஒரு வயர் தோல் உரிந்தால் அந்த இடத்தோடு போகும். இரும்புப் பெட்டியில் உரிந்தால் சுவர், கதவு, கைப்பிடி, படிக்கட்டு என்று வீடு முழுவதுமே மின்னேறிவிடும். மழையில் நனைந்த காலோடு வெளியே நின்று கதவைத் தொடுபவர்தான் முதலில் விழுவார். கேரவன்களோடு நெடுங்காலப் பழக்கம் உள்ள பிரிட்டன், மின் விநியோக நிறுவனத்தின் நியூட்ரலையே எர்த்தாகப் பயன்படுத்தும் இணைப்பைக் கேரவனின் உலோக உடலோடு சேர்க்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு விதிகளில் தடுத்திருக்கிறது. அந்த நியூட்ரல் அறுந்தால் வண்டியின் உடலே மின்கம்பியாகிவிடும் என்பதே காரணம். நமக்கும் அந்தப் பாடம் வேண்டும். பெட்டிக்கென்று தனி எர்த் குழி தோண்ட வேண்டும். பண்ருட்டியின் செம்மணலும் கடலோர மணலும் கோடையில் காய்ந்து எர்த்தைப் பலவீனமாக்கும் என்பதால் கரியும் உப்பும் இட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி, ஆண்டுக்கொருமுறை அளந்து பார்க்க வேண்டும். பெட்டியின் உடலைத் தடித்த கம்பியால் அதோடு பிணைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி கட்டாயம் இருக்க வேண்டும். உப்புக் காற்று முனைகளை அரிக்கும் தேவனாம்பட்டினம், கிள்ளை போன்ற இடங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். முறையான இணைப்பு வாங்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வயரிங்கைச் சோதித்துச் சான்று கொடுக்கிறார். வாரியத்திலிருந்தும் ஒருவர் வந்து பார்க்கிறார். தனித்து நிற்கும் அமைப்பில் அந்த இரண்டாவது கண் இல்லை. விற்றவரே பொருத்திவிட்டுப் போய்விடுகிறார்.

ஜெனரேட்டரைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரில் இரண்டு யூனிட் தந்தாலே அதிகம். யூனிட்டுக்கு ஐம்பது ரூபாயை எட்டிவிடும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, மணமில்லாமல் மூடிய பெட்டிக்குள் புகுந்து தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். புயலுக்குப் பிறகு தண்ணீர் ஏற்ற ஊரே சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் பெரிய ஜெனரேட்டர் வேறு கதை. ஒரு வீட்டின் அன்றாட மின்சாரத்துக்கு அது வழியாகாது.

என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். அருகில் கம்பமே இல்லாத இடங்கள் இருக்கின்றன. உப்பனாற்றைத் தாண்டிய திட்டு, கொள்ளிடத்துப் படுகையில் தனித்துக் கிடக்கும் நிலம், பல கம்பங்கள் நட்டால்தான் லைன் எட்டும் தோப்பு ஆகியவற்றில் இணைப்புச் செலவு பேட்டரிச் செலவைத் தாண்டிவிடலாம். அங்கே முழுச் சூரிய அமைப்பு சரியான முடிவுதான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது விற்பனையாளரின் சொல் அல்ல. வாரியம் எழுத்தில் தரும் செலவு மதிப்பீட்டை வாங்கி, பேட்டரிகளை ஒருமுறை மாற்றும் செலவையும் சேர்த்துப் பத்தாண்டுக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பெரும்பாலான பட்டா நிலங்கள் சாலையோரத்திலோ, ஊரை ஒட்டியோ, பம்ப்செட் லைன் போகும் வழியிலோதான் இருக்கின்றன. அங்கெல்லாம் இந்த விதிவிலக்குக்கு வேலையில்லை.

கம்பம் ஊர்ப் பொதுச்சொத்து. இந்த மாவட்டம் தன் மண்ணைச் சுரங்கத்துக்குக் கொடுத்திருக்கிறது. தன் வயல்மேல் உயரழுத்தக் கம்பிகளைத் தாங்குகிறது. நெய்வேலியிலும் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலும் எழுந்த அனல் நிலையங்களின் புகையை மூச்சில் வாங்குகிறது. அந்த மின்வலையில் பங்கு கேட்பது இங்கே நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் உரிமை. தன் கூரை வெயிலை அதில் சேர்ப்பது அவரவர் கடமை. எனவே தோப்பில் பெட்டி இறக்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். பேட்டரிக் கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டு இணைப்புக்கு விண்ணப்பித்து எண்ணை வாங்கிவிடுங்கள். எர்த் குழியைத் தோண்டிவிட்டுப் பெட்டியை இறக்குங்கள். மீட்டர் வந்த பிறகு மானியத்தோடு தகட்டைப் போடுங்கள். பேட்டரி ஒன்றே ஒன்று, அதுவும் புயல் இரவுக்கு மட்டும். இந்த வரிசையில் நடந்தால் கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் உங்கள் வீட்டில் விளக்கு எரியும்; நீங்கள் இல்லாத நாளில் உங்கள் கூரை பக்கத்து வீட்டுக்கும் கரண்ட் கொடுக்கும்.